அவர் குடிக்காத தண்ணீர்

அந்தப் படத்தை வாசகர் வட்டத்தில் போடலாம் என்று சொன்னவள் நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே செயலாளர் ஐயாவுக்குப் போன் செய்து, என் வீட்டுக்காரர் ஒரு ஆவணப்படத்தில் வருகிறார், தமிழ்நாட்டில் எடுத்தது, இந்த மாதம் நூல் அறிமுகத்துக்குப் பதிலாக அதைத் திரையிடலாமா என்று கேட்டேன். அவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. எதற்கும் அவசரப்படாதவர். படம் எதைப் பற்றி என்று கேட்டார். இயற்கை எரிவாயு எடுப்பதைப் பற்றி என்றேன். ஆதரித்தா எதிர்த்தா என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. என் கணவர் வருகிறார் என்பதையே இன்னொரு முறை சொன்னேன்.

எங்கள் வட்டம் பெரியதல்ல. சுங்கைப் பட்டாணியில் ஒரு எழுதுபொருள் கடையின் மேல்மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் கூடுவோம். கடைக்காரரும் உறுப்பினர் என்பதால் இடம் இலவசம். தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், சின்னக் கடை வைத்திருப்பவர்கள், தோட்டம் விற்கப்பட்டபின் டவுனுக்கு வந்து சேர்ந்தவர்கள் என்று ஒரு கலவையான கூட்டம். நான் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். எப்போதாவது ஞாயிறு பதிப்புகளில் கதை எழுதுவேன். அதனால் அங்கே எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. என் கணவருக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

அவர் சிடாம் கிரிப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, கிழக்குக் கரையில் ஒரு எரிவாயு ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தார். பிறகு ஒரு ஒப்பந்த நிறுவனம் அவரைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. அங்கே நெல் வயல்களுக்கு நடுவே இருக்கும் பழைய எரிவாயுக் கிணறுகளைப் பழுதுபார்த்து மறுபடியும் ஓட்டுவது அந்த நிறுவனத்தின் வேலை. தமிழ் பேசத் தெரிந்தவர் என்பதால் ஊர் மக்களிடம் பேசும் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது. உள்ளூர் ஆள் என்றால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுவான் என்று நினைத்தார்களோ என்னவோ.

படம் எடுத்தது சென்னையிலிருந்து வந்த ஒரு இளம்பெண். படம் இணையத்தில் வந்ததும் என் கணவர் எனக்கு அனுப்பிவைத்தார். தான் அதை இன்னும் பார்க்கவில்லை, சைட்டில் நெட் சரியில்லை என்றார். நான் வேலைக்குப் போகும் அவசரத்தில் ஓட்டிப் பார்த்தேன். பச்சை வயல், இரும்பு வாசல், வெள்ளை ஹெல்மெட்டில் அவர் முகம். அத்தோடு நிறுத்திவிட்டேன். கல்யாண ஆல்பத்தில் தன் முகத்தை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு மூடிவைப்பார்களே, அப்படி.

அன்று கேசரியும் சுண்டலும் செய்துகொண்டு போனேன். என் மாமியாரும் வந்தார். அவருக்கு ஒரு கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது. இன்னொரு கண், தோட்டத்தில் களைக்கு மருந்தடித்த காலத்திலேயே போய்விட்டது. அதனால் முன்வரிசையில் உட்காரவைத்தேன். கோயிலில் அவருக்குப் பழக்கமான பெண்களையும் அவரே அழைத்திருந்தார். கோயில் வாசலில் பூ விற்கும் அக்காகூடக் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

படம் தொடங்கிச் சிறிது நேரத்தில் திரையில் என் கணவர் வந்துவிட்டார். வாசலருகே நின்று ஊர்க்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "கேஸ் இருக்கிறது ரொம்ப ஆழத்துல. நீங்க குடிக்கிற தண்ணி மேல இருக்கு. நடுவுல இரும்புக் குழாய் இறக்கி, சுத்திச் சிமெண்டு ஊத்தி அடைச்சிருக்கோம். ரெண்டும் கலக்காது லா."

அந்த 'லா'வைக் கேட்டதும் அறை முழுவதும் சிரிப்பு. தமிழ்நாட்டு வயலுக்கு நடுவே நம்ம ஊர்ப் பேச்சு. பின்னாலிருந்து யாரோ என் தோளைத் தட்டினார்கள். மாமியார் பக்கத்தில் இருந்தவரிடம், பேசுகிறது யார் தெரியுமா என்று கேட்டுவிட்டுப் பதிலையும் தானே சொன்னார்.

பிறகு படம் வேறு இடங்களுக்குப் போனது. வயலோரம் பகலிலும் அணையாமல் எரியும் ஒரு தீ. உபரி வாயுவை அப்படித்தான் எரிப்பார்களாம். அதைச் சுற்றி நெற்பயிர் வெளிறிக் கிடந்தது. குழாய் உடைந்து எண்ணெய் பரவிய ஒரு வயலில், ஒருவர் மண்கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அதைக் கேமராவுக்கும் நீட்டினார். வாய்க்கால் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் நிறம் நிறமாக மின்னியது. ஒரு பேராசிரியர் கரும்பலகையில் கிணற்றை வரைந்து, குழாயைச் சுற்றியிருக்கும் சிமெண்டு பழசானால் எங்கே விரியும், விரிந்தால் எது எங்கே ஏறும் என்று காட்டினார். என் கணவர் சொன்ன அதே குழாய், அதே சிமெண்டு. அறையில் சிரிப்பு இல்லை.

அவர் மறுபடியும் வந்தார். இந்த முறை ஒரு வீட்டு முற்றம். கைப்பம்பு ஒன்று இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பம்பை அடித்து ஒரு எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் பிடித்தார். தண்ணீர் இலேசாக மஞ்சளாக இருந்தது. மண்ணெண்ணெய் வாடை வருது, பிள்ளைகளுக்குத் தோலெல்லாம் அரிக்குது என்றார். என் கணவர் சாந்தமாகத்தான் பதில் சொன்னார். தண்ணீரை எடுத்துப்போய்ச் சோதித்தாகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

"அப்ப நீங்க குடிங்க தம்பி," என்று அந்தப் பெண் தம்ளரை நீட்டினார். குரலில் சண்டை இல்லை. விருந்தாளிக்குக் கொடுப்பது போலத்தான் கொடுத்தார்.

அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்காவிட்டால் மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார். தம்ளரைப் பார்த்தார். சிரித்தார். அவருடைய அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்தன்று போட்டோக்காரர் கேட்டதற்குச் சிரித்தது அது. பிறகு தம்ளரைப் பம்புக்குப் பக்கத்தில் இருந்த திட்டில் வைத்துவிட்டு, இடுப்பில் மாட்டியிருந்த வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு நகர்ந்துபோனார். கேமரா அவரோடு போகவில்லை. தம்ளரையே காட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பெண் அதை எடுத்து முற்றத்தில் கொட்டும்வரை நின்றது.

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். வழக்கமாக இந்த நேரத்தில் செயலாளர் ஐயா கருத்துச் சொல்ல ஒவ்வொருவராக அழைப்பார். அன்று அவர் எழுந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் சாப்பிட்டுவிடலாம் என்றார். எல்லோரும் எழுந்து வந்து என் கையால் கேசரி வாங்கினார்கள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவர் முந்திரி தாராளம் என்றார். இன்னொருவர் செய்முறை கேட்டார். யாரும் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யாராவது ஒருவர் கோபமாக ஏதாவது கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், அல்லது அழுதிருப்பேன். அவர்கள் கேசரியைப் பாராட்டப் பாராட்ட, எனக்குக் காது மடல் வரை சூடேறியது. மிச்சத்தைக்கூடக் கட்டிக்கொள்ளாமல் பாத்திரத்தோடு கீழே இறங்கினேன்.

காரில் மாமியார் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். பெரிய சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது கேட்டார். "அந்தப் பொம்பள தண்ணி கொடுத்திச்சே, அவன் குடிச்சானா? எனக்குச் சரியாத் தெரியல."

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. காலையில் பவுடர் பூசியது இன்னும் கழுத்தில் திட்டாக இருந்தது.

"குடிச்சாங்க அத்த," என்றேன்.

"அதான் பாத்தேன்," என்றார். "எம் பையன் வாங்கினத கீழ வைக்க மாட்டான்."

மறுநாள் இடைவேளையில் தொழிற்சாலைக்கு வெளியே நின்று என் கணவருக்குப் போன் செய்தேன். அதற்குள் அவரும் படத்தைப் பார்த்திருந்தார். படம் எடுத்த பெண் தன்னிடம் எவ்வளவோ நேரம் பேசினாள், எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு இதை மட்டும் வைத்திருக்கிறாள் என்று பொருமினார். சைட்டில் யார் எது கொடுத்தாலும் குடிக்கக் கூடாது என்பது விதி, தானே பாதுகாப்பு அதிகாரியாக இருந்துகொண்டு அதை மீற முடியுமா என்றார். அதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் சொல்லச் சொல்ல, நான் அந்த முற்றத்தில் நிற்பது போலவே இருந்தது.

"அவங்க டெய்லி அதத்தான குடிக்கிறாங்க," என்றேன்.

"நீயும் அவங்க மாதிரியே பேசாத," என்றார். இடைவேளை முடிந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தேன். முடிந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாமியாரைக் கோயிலுக்கு அழைத்துப்போனேன். பூஜை முடிந்து பிரகாரத்தில் உட்கார்ந்ததும் அவர் ஆரம்பித்துவிட்டார். படத்தில் பார்த்தீர்களா, கெட்டது என்று எல்லோரும் சொன்ன தண்ணீரை என் மகன் வாங்கிக் குடித்துக் காட்டினான் என்றார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அன்று மாடியில் இருந்தவர்கள். ஒருவர் கூட மறுக்கவில்லை. பூக்கார அக்கா, "அப்படியாம்மா, நல்ல பிள்ள," என்றார். சொல்லும்போது என் பக்கம் பார்க்காமல் கையிலிருந்த சரத்தைப் பார்த்துக்கொண்டார். எனக்காகத்தான் பார்க்கவில்லை என்று புரிந்தது.

அந்த வாரமே மெர்கோங்கிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். அம்மா அவளிடமும் சொல்லியிருக்கிறார். அவள் படம் பார்க்கவில்லை. அவளுக்கு அண்ணன்மேல் உயிர். அந்தத் தண்ணீரைப் போய்க் குடித்தாரே, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கவலையோடு கேட்டாள். ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறார் என்றேன். மாமியாரிடம் சொன்னது காரில் வாய்க்கு வந்தது. இதை யோசித்தே சொன்னேன்.

தீபாவளிக்கு அவர் லீவில் வந்தார். வெயிலில் கறுத்து, கொஞ்சம் மெலிந்திருந்தார். படத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. பண்டிகைக்கு மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு மூவரும் உட்கார்ந்திருந்தோம். கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் பினாங்குத் தோழிகளோடு வெளியே போயிருந்தாள். மாமியார் மகனுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் சாப்பிடுவதைத் தன்னால் முடிந்த அளவுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தண்ணிய நீ குடிச்சுக் காட்டுனியாமே. கோயில்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்," என்றார்.

அவர் கை சோற்றில் நின்றது. "யாரும்மா சொன்னா?"

"ஒம் பொண்டாட்டிதான். எனக்குத்தான் கண்ணு தெரியலயே. கேட்டேன், சொல்லிச்சு."

அவர் என்னைப் பார்த்தார். நான் ரசக் கிண்ணத்தைப் பார்த்தேன். அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். ஒரே சொல்தான். சொல்லிவிட்டால் இந்த வீட்டில் அது உண்மையாகிவிடும்.

"இல்லம்மா. நான் குடிக்கல," என்றார்.

"ஏன்?"

விதியைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "பயமா இருந்துச்சு," என்றார்.

மாமியார் கையை நீட்டித் தடவி, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேள," என்றார். "நல்ல வேள குடிக்காம விட்ட." அவர் முகத்தில் எங்கும் ஏமாற்றம் இல்லை. சாலையைக் கடந்து பத்திரமாக வந்துவிட்ட பிள்ளையைப் பிடித்துக்கொள்வது போலப் பிடித்திருந்தார். பிறகு, "அந்தப் பொம்பளைக்கு வேற தண்ணி இருக்கா?" என்று கேட்டார்.

"கம்பெனி லாரியில அனுப்புதும்மா."

"தெனமுமா?"

"தெனமும்னு சொல்ல முடியாது."

"வராத அன்னிக்கு?"

அவர் சோற்றைப் பிசைந்தார். மாமியார் வற்புறுத்தவில்லை. "எனக்குக் கண்ணுல மருந்து பட்டப்ப, கழுவுனா சரியாப் போயிரும்னு தோட்டத்து ஆபீஸ் கிராணி சொன்னாரு. நானும் நல்லாத்தான் கழுவினேன்," என்றார். யார்மேலும் கோபம் இல்லாமல், வேறு எங்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு மகனுக்கு இன்னும் கொஞ்சம் கறி போடச் சொன்னார். நான் போட்டேன். அவர் தலை குனிந்தபடி முழுவதையும் சாப்பிட்டு எழுந்தார்.

மாலையில் பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அவன் குடித்தான் என்று ஏன் சொன்னாய் என்று கேட்டார். உங்கள் மனசு கஷ்டப்படக் கூடாது என்றுதான் என்றேன்.

"நான் கோயில்ல சொல்லிட்டேனேம்மா," என்றார். "சாமிக்கு முன்னால ஒக்காந்து சொல்லிட்டேனே."

அந்த வெள்ளிக்கிழமை அவர் கோயிலுக்கு வரவில்லை. முழங்கால் வலி என்றார். அடுத்த வெள்ளியும் அதே முழங்கால் வலி. அதற்குள் அவர் மகன் வேலைக்குத் திரும்பிவிட்டிருந்தார். நான் மட்டும் தனியாகக் கோயிலுக்குப் போனேன். பூக்கார அக்காவின் மேசைக்கு முன்னால் ஆள் குறையும்வரை நின்று, விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை, அத்தையிடம் பொய் சொன்னது நான், அவர் அதை நம்பித்தான் உங்களிடம் சொன்னார் என்றேன்.

அக்கா தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. "எங்களுக்குத் தெரியும்தான தங்கச்சி. நாங்களும் அங்கதான ஒக்காந்து பாத்தோம். அம்மா அவ்ளோ சந்தோசமாச் சொன்னாங்க. எப்படி இல்லன்னு சொல்றது? அவங்கள வரச் சொல்லுங்க. நாங்க யாரும் ஒண்ணும் பேச மாட்டோம்."

பிறகு, "ஒங்க வீட்டுக்காரரு இன்னும் அங்கதான் வேலையா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா," என்றேன்.

தலையாட்டிவிட்டு, மாமியாருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு முழம் மல்லிகை கிள்ளித் தந்தார். நீட்டிய காசை வாங்கவில்லை.

மாமியார் மறுபடியும் கோயிலுக்குப் போகிறார். ஆனால் முன்போலப் பிரகாரத்தில் உட்கார்ந்து பேசுவதில்லை. கும்பிட்டதும் போகலாம் என்கிறார். வாசகர் வட்டத்துக்கு நான் போவதில்லை. செயலாளர் ஐயா போன் செய்து, அடுத்த கூட்டத்தில் உங்கள் கதையைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டார். பெரிய மனுஷர். இரவு ஷிப்ட் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

ஒப்பந்தம் முடியும் நேரத்தில், நீட்டித்துத் தருவதாக நிறுவனம் சொன்னது. என் கணவர் என்னைக் கேட்டார். திரும்பி வந்தால் இங்கே ஏதாவது தொழிற்சாலையில் வேலை பார்க்கலாம், சம்பளம் பாதிகூட வராது, நீ என்ன சொல்கிறாய் என்றார். வேண்டாம் என்ற சொல் என் தொண்டை வரை வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. வரவில்லை. மகளின் படிப்பும் இந்த வீடும்தான் நினைவுக்கு வந்தன. உங்கள் இஷ்டம் என்றேன். அவருக்கு வேண்டியிருந்த பதிலும் அதுதான் என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஊர் மக்களிடம் பேசும் வேலை இனித் தனக்கு வேண்டாம் என்றார். நிறுவனம் ஒத்துக்கொண்டது.

இப்போது அந்த வேலையைச் செய்வது அந்த மாவட்டத்துக்காரர் ஒருவர். மேடைப் பேச்செல்லாம் பழக்கமாம். என்ன பேச வேண்டும் என்பதை மட்டும் என் கணவர் எழுதிக் கொடுக்கிறார். சென்ற மாதம் அப்படி எழுதியதைப் படம்பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். நீ எழுதுகிறவள், தமிழ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல் என்று ஒரு குரல் பதிவும் கூடவே வந்தது.

மதிய உணவு நேரத்தில் தொழிற்சாலைக் கேண்டீனில் உட்கார்ந்து படித்தேன். 'நிலத்தடி நீரை எந்தப் பாதிப்பும் ஏற்படாது' என்று ஒரு வாக்கியம் இருந்தது. படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டேன். பிறகு போனை நிமிர்த்தி, 'நீரை' என்று வராது, 'நீருக்கு' என்று மாற்றுங்கள் என்று எழுதி அனுப்பினேன்.